டைரக்ட் டிரைவ் வீல் பேஸ்: வாங்கும் முன் எழும் கேள்விகள்

சிம் ரேசிங் என்னும் கணினிக் கார்ப் பந்தயத்துக்காக, ஸ்டீயரிங்கை மோட்டாரின் தண்டிலேயே நேரடியாகப் பொருத்தும் உயர்விலை டைரக்ட் டிரைவ் பேஸ்களைப் பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் சிமுக்யூப் 2 ப்ரோவைத் தொட்டுச் செல்வதால், அதையே முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். பின்லாந்தின் கிரானைட் டிவைசஸ் நிறுவனம் 2019-இல் வெளியிட்ட சிமுக்யூப் 2 வரிசையில், முறுக்குவிசையின் அளவில் 17 நியூட்டன் மீட்டர் ஸ்போர்ட், 25 நியூட்டன் மீட்டர் ப்ரோ, 32 நியூட்டன் மீட்டர் அல்டிமேட் என மூன்று பேஸ்கள் உண்டு.

கேள்வி: என்னிடம் 8 நியூட்டன் மீட்டர் பேஸ் இருக்கிறது. 25 நியூட்டன் மீட்டருக்கு மாறினால் மும்மடங்கு வேறுபாடு தெரியுமா? அவ்வளவு விசையில் ஒரு மணி நேரப் பந்தயம் ஓட்டக் கை தாங்குமா?

பதில்: முதலில் அந்த எண்ணைக் கையில் உணரும் எடையாக மாற்றிப் பார்ப்போம். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஸ்டீயரிங்கின் விளிம்பு, நடுப்புள்ளியிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆகவே 25 நியூட்டன் மீட்டர் என்பது விளிம்பில் ஏறத்தாழ 17 கிலோ எடையை, அதாவது கைக்கு எட்டரைக் கிலோவை, தாங்கிப் பிடிப்பதற்குச் சமம். ஒரு மணி நேரம் முழுவதும் அந்த அளவில் ஓட்ட வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

பிறகு எதற்கு 25? கிளிப்பிங்கைத் தவிர்ப்பதற்கு. உங்கள் 8 நியூட்டன் மீட்டர் பேஸில் ஒரு நீண்ட வளைவின் தொடர்ச்சியான விசையே 7-ஐ எடுத்துக்கொள்கிறது என்று வையுங்கள். அதே வளைவில் உள்பக்கக் கெர்ப்பின் (தடத்தின் ஓரத்தில் மேடாக இருக்கும் விளிம்பின்) மேல் டயர் ஏறும்போது கூடுதலாக 5 நியூட்டன் மீட்டர் அதிர்வு வர வேண்டியிருந்தால், அதில் 1 மட்டுமே கைக்கு வந்து சேரும்; மீதி மோட்டாரின் உச்சவரம்பில் வெட்டுப்பட்டுப் போகும். முன்டயர் பிடியை இழக்கத் தொடங்கும்போது விசை குறைவதையும் இதே காரணத்தால் தாமதமாகத்தான் உணர்வீர்கள், ஏனெனில் சிக்னல் வரம்புக்கு மேலிருந்து கீழே இறங்கிவரும் வரை மோட்டார் ஒரே அளவில் நின்றுகொண்டிருக்கும். விளையாட்டில் ஒட்டுமொத்த விசையைக் குறைத்தால் கிளிப்பிங் நீங்கும். ஆனால் சாலையின் நுண்ணிய அதிர்வுகளும் அதே விகிதத்தில் சிறுத்துவிடும். 25 நியூட்டன் மீட்டர் பேஸிலோ அந்த வளைவு 7-இல் நிற்கும், கெர்ப் 12 வரை போகும், அதற்கு மேலும் பாதி இடம் காலியாக இருக்கும்.

ஐரேசிங் என்ற பந்தய விளையாட்டில் இதை எண்களாகவே பார்க்கலாம். வீல் ஃபோர்ஸ் என்ற இடத்தில் பேஸின் திறனான 25-ஐ இட்டு, லீனியர் மோடைத் தேர்ந்து, மேக்ஸ் ஃபோர்ஸை 50 நியூட்டன் மீட்டரில் வைத்தால், காரின் ஸ்டீயரிங் தண்டில் உருவாகும் விசையில் சரிபாதி கைக்கு வரும். அசெட்டோ கோர்ஸா என்ற மற்றொரு விளையாட்டில், பெடல் ஆப்பில் உள்ள ஃபோர்ஸ் ஃபீட்பேக் (ஸ்டீயரிங்குக்கு அனுப்பப்படும் விசை) பட்டை சிவப்பாக மாறும் இடங்களைக் கவனித்தாலே போதும். உங்கள் தற்போதைய பேஸில் ஒரு முழுச் சுற்றில் அது ஒன்றிரண்டு கெர்ப்களில் மட்டும் சிவந்தால், நீங்கள் தேடும் முன்னேற்றம் விசையில் இல்லை.

என் கணிப்பில், ஜிடி3 வகைப் பந்தயக் கார்களையே பெரும்பாலும் ஓட்டுபவருக்கு 12 முதல் 17 நியூட்டன் மீட்டர் வரை தாராளம். அந்தக் கார்களில் பவர் ஸ்டீயரிங் உண்டு. இண்டிகார், ஃபார்முலா 2 போன்ற பவர் ஸ்டீயரிங் இல்லாத கார்களை விரும்புபவர் 25-ஐப் பற்றி யோசிப்பதில் பொருள் இருக்கிறது. அல்டிமேட்டின் 32 நியூட்டன் மீட்டரை வீட்டில் முழுமையாகப் பயன்படுத்துபவர்கள் மிகச் சிலரே.

கேள்வி: ஸ்லூ ரேட், என்கோடர் பிட் எண்ணிக்கை ஆகியவற்றை விளம்பரங்களில் பெரிதாகப் போடுகிறார்கள். இவற்றை வைத்து இரண்டு பேஸ்களை ஒப்பிடலாமா?

பதில்: ஓரளவுக்குத்தான். ஸ்லூ ரேட் என்பது ஒரு மில்லி நொடியில் மோட்டாரின் முறுக்குவிசை எவ்வளவு மாற முடியும் என்பதற்கான அளவு. சிமுக்யூப் 2 ஸ்போர்ட்டில் அது 4.8 நியூட்டன் மீட்டர், ப்ரோவில் 8, அல்டிமேட்டில் 9.5. கணக்கிட்டுப் பார்த்தால் ஸ்போர்ட் தன் 17 நியூட்டன் மீட்டரை மூன்றரை மில்லி நொடியிலும், ப்ரோ தன் 25-ஐச் சுமார் மூன்று மில்லி நொடியிலும் எட்டிவிடும். ஐரேசிங் தன் இயற்பியலை நொடிக்கு 360 முறை கணக்கிட்டாலும், ஃபோர்ஸ் ஃபீட்பேக்கை வழக்கமான முறையில் நொடிக்கு 60 முறைதான் அனுப்புகிறது. ஒரு கட்டளைக்கும் அடுத்ததற்கும் இடையே 16 மில்லி நொடிக்கு மேல் இருக்கிறது. ஆக, இரண்டு பேஸ்களுமே அடுத்த கட்டளைக்காகக் காத்திருக்கின்றன. அந்தப் படிக்கட்டுச் சிக்னலை மழுப்புவதற்கு சிமுக்யூபின் ட்ரூ டிரைவ் மென்பொருளில் ரீகன்ஸ்ட்ரக்ஷன் ஃபில்டர் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அதைக் கூட்டக் கூட்ட உணர்வு வழவழப்பாகும், தாமதமும் கூடும். ஸ்லூ ரேட்டுக்காகக் கூடுதலாகச் செலவழித்துவிட்டு இந்த ஃபில்டரை உச்சத்தில் வைத்து ஓட்டுபவர், வாங்கியதைத் தாமே திருப்பிக் கொடுத்துவிடுகிறார். அசெட்டோ கோர்ஸா போல நொடிக்கு 333 முறை கணக்கிட்டு அனுப்பும் விளையாட்டிலும், 360 முறை அனுப்பும் வசதியை ஐரேசிங் வழங்கும் பேஸ்களிலும் இந்த எண்ணுக்குக் கூடுதல் மதிப்பு உண்டு.

ஸ்டீயரிங் இருக்கும் கோணத்தை அளக்கும் என்கோடரின் விஷயம் வேறு. 16 பிட் என்கோடரே ஒரு சுற்றை 65,536 பகுதிகளாகப் பிரித்துவிடுகிறது. 30 சென்டிமீட்டர் ஸ்டீயரிங்கின் விளிம்பில் அது ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கை ஒட்டிய அசைவு. எந்தக் கையும் அதை அறியாது. அப்படியிருக்க ப்ரோவில் 22 பிட் எதற்கு என்றால், ஸ்டீயரிங் எந்த வேகத்தில் திரும்புகிறது என்பதை மோட்டார் கட்டுப்பாடு அடுத்தடுத்த இட அளவுகளின் வேறுபாட்டிலிருந்தே கண்டறிகிறது என்பதுதான் காரணம். இட அளவு கரடுமுரடாக இருந்தால் வேகக் கணக்கு நடுங்கும்; திருப்பும் வேகத்துக்கேற்ப எதிர்க்கும் டேம்பிங்கைக் கூட்டும்போது அந்த நடுக்கம் மணலைத் தேய்ப்பது போன்ற சொரசொரப்பாகக் கையில் தெரியும். ஆகவே பிட் எண்ணிக்கையைப் பார்ப்பதைவிட, டேம்பிங்கை நடு அளவுக்கு மேல் ஏற்றி ஸ்டீயரிங்கை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள்.

கேள்வி: நண்பர் வீட்டில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்க வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. எதையெதைச் சோதிக்க வேண்டும்?

பதில்: உடனே பந்தயத்தில் இறங்கிவிடாதீர்கள். பேஸ் இயங்கும் நிலையில், எல்லா விசைகளையும் ஃபில்டர்களையும் சுழியத்தில் வைத்துவிட்டு, இரண்டு விரல் நுனிகளால் ஸ்டீயரிங்கை மிக மெதுவாக ஒரு முழுச் சுற்றுத் திருப்புங்கள். காந்தங்களுக்கும் இரும்பு உள்ளகத்துக்கும் இடையிலான ஈர்ப்பால் சீரான இடைவெளிகளில் சிறு சிறு தடைகள் தட்டுப்பட்டால் அது காகிங். நல்ல பேஸில் அது இல்லாததுபோலவே இருக்க வேண்டும். அடுத்து, ஒரு பெரிய வட்டத்தில் சீரான வேகத்தில் காரை ஓட்டிக்கொண்டே, விசை சமமாக நிற்கிறதா, அல்லது ஸ்டீயரிங் கோணம் மாறும்போது அலை அலையாக ஏறி இறங்குகிறதா என்று கவனியுங்கள்.

பிறகு நன்கு பழகிய ஒரே கார், ஒரே தடம். நான் பரிந்துரைப்பது ஐரேசிங்கின் செப்ரிங். ஃபுளோரிடாவில் உள்ள அந்தத் தடத்தின் ஒரு பகுதி பழைய விமானத்தளத்தின் கான்கிரீட் பலகைகளின்மேல் செல்கிறது. லேசர் ஸ்கேன் செய்யப்பட்ட வடிவம் என்பதால் பலகைகளின் இணைப்புகள்கூட ஸ்டீயரிங்கில் வரும். கடைசி வளைவான 17-ஆம் திருப்பத்தின் மேடுபள்ளங்களில் காரை எறியும்போது, ஒவ்வொரு மேடும் தனித்தனியாகக் கைக்கு வருகிறதா, அல்லது எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சலாக வருகிறதா என்பதில் பேஸின் தரம் வெளிப்பட்டுவிடும்.

மிக முக்கியமானது, விசையைச் சமப்படுத்துவது. 12 நியூட்டன் மீட்டர் பேஸை முழு அளவிலும் 25 நியூட்டன் மீட்டர் பேஸை அதன் முழு அளவிலும் வைத்து ஒப்பிட்டால் பெரியதுதான் எப்போதும் வெல்லும், ஏனெனில் பலமானதைத் தெளிவானது என்று மனம் எடுத்துக்கொள்கிறது. இரண்டையும் 8 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறக்கிவிட்டு ஒப்பிடுங்கள். எனக்குத் தெரிந்தவரை, இப்படிச் சமப்படுத்திய பிறகும் மூன்று மடங்கு வேறுபாடு தெரிகிறது என்று சொன்னவர் எவரும் இல்லை. வேறுபாடு உண்டு, ஆனால் விலைப்பட்டியலில் உள்ள அளவுக்கு இல்லை.

கேள்வி: நேர்ச்சாலையில் கையை எடுத்தால் ஸ்டீயரிங் தானாக இடமும் வலமும் ஆடத் தொடங்கி, ஆட்டம் பெருகிக்கொண்டே போகிறது. பேஸ் பழுதா?

பதில்: பழுது அன்று. டயர் ஸ்டீயரிங்கை நடுவுக்கு இழுக்கிறது. அந்தக் கட்டளை சில மில்லி நொடிகள் தாமதமாக வருவதால் ஸ்டீயரிங் நடுவைத் தாண்டிவிடுகிறது. மறுபக்கத்திலிருந்து இழுக்கும் கட்டளையும் அதேபோலத் தாமதமாகிறது. பல்சக்கரம் வைத்த பழைய லாஜிடெக் ஜி29 போன்றவற்றில் உள்ளுராய்வு இந்த ஆட்டத்தை அடக்கிவிட்டது. டைரக்ட் டிரைவில் அந்த உராய்வு இல்லை; நீங்கள் பணம் கொடுத்தது அது இல்லாமல் இருப்பதற்காகத்தான். டேம்பிங்கைச் சிறிதளவும் ஃபிரிக்ஷனை அதைவிடச் சிறிதளவும் சேருங்கள், ரீகன்ஸ்ட்ரக்ஷன் ஃபில்டரைக் குறையுங்கள். கை வைத்தவுடன் ஆட்டம் நிற்கும் நிலை வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம்.

கேள்வி: பிளேஸ்டேஷன் 5-இல் வேலை செய்யுமா?

பதில்: சிமுக்யூப் செய்யாது, அது கணினிக்கு மட்டும். கிரான் டூரிஸ்மோ 7 உங்கள் முதன்மை விளையாட்டு என்றால், ஃபனாடெக்கின் ஜிடி டிடி ப்ரோ போன்ற, சோனி உரிமம் பெற்ற பேஸ்களையே பார்க்க வேண்டும். ஃபனாடெக்கில் பிளேஸ்டேஷன் ஏற்பு பேஸிலும், எக்ஸ்பாக்ஸ் ஏற்பு ஸ்டீயரிங்கிலும் இருப்பதைக் கவனித்து வாங்குங்கள்.

கேள்வி: மர மேசையில் கிளாம்ப் போட்டு மாட்ட முடியுமா?

பதில்: 8 நியூட்டன் மீட்டர் வரை, மேசை கனமாக இருந்தால், சமாளிக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். மோட்டார் உங்கள் கையைத் திருப்பும் அதே விசையில் தன்னைத் தாங்கும் பலகையையும் எதிர்ப்புறம் திருப்புகிறது. பலகை வளைந்து கொடுத்தால் கெர்ப் அதிர்வின் ஒரு பங்கு அதிலேயே செலவாகிவிடும். 40-க்கு 80 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட அலுமினிய புரொஃபைலில் ரிக் (பேஸைத் தாங்கும் சட்டகம்) அமைத்து, பேஸை நேரடியாக போல்ட் செய்யுங்கள். ரிக் போதுமானதா என்று அறிய, ஒருவரை ஓட்டச் சொல்லிவிட்டு, பேஸைத் தாங்கும் நிமிர்ந்த தூணின் மேல்முனையில் கை வைத்துப் பாருங்கள். அதிர்வு வரலாம்; தூண் கண்ணுக்குத் தெரியும்படி அசையக் கூடாது. பேஸுக்கான பணத்தில் ஒரு பகுதியை எடுத்து ரிக்கில் போடுவது, விசையில் ஒரு படி இறங்க வேண்டியிருந்தாலும், சரியான முடிவே.

கேள்வி: எங்கள் பகுதியில் மின்வெட்டு அதிகம். இன்வெர்ட்டரில் ஓட்டலாமா? இடையில் யூஎஸ்பி இணைப்பும் அவ்வப்போது அறுந்துபோகிறது.

பதில்: 25 நியூட்டன் மீட்டர் என்றதும் பெரும் மின்செலவு என்று நினைக்க வேண்டாம். முழு விசையில், நொடிக்கு ஒன்றரைச் சுற்று என்ற வேகத்தில் திருப்பினால்கூட மோட்டார் தரும் இயந்திரத் திறன் 250 வாட்டுக்குள்தான் இருக்கிறது, அதுவும் கணநேரத்துக்கு. சராசரி இதைவிட மிகக் குறைவு. இன்வெர்ட்டரைத் தேர்ந்தெடுக்கும்போது சராசரியைவிட இந்தக் கணநேர உச்சத்தையும் கணினியின் தேவையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். மின்சாரம் போய் வந்த பிறகு, ஸ்டீயரிங் நடுவில் இருக்கிறதா என்று சரிபார்க்காமல் ஓட்டத் தொடங்காதீர்கள்.

யூஎஸ்பி அறுபடுவதற்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது எர்த். மூன்று முனை பிளக்கை இரண்டு முனை அடாப்டரில் செருகி எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டும் வழக்கம் நம் வீடுகளில் சர்வ சாதாரணம். அங்கேயே எர்த் இணைப்புப் போய்விடுகிறது, மோட்டாரின் மின்னிரைச்சல் யூஎஸ்பி கேபிள் வழியாக வெளியேறப் பார்க்கிறது. உண்மையான எர்த் உள்ள சாக்கெட், அலுமினிய ரிக்கிற்கும் எர்த், மூன்று மீட்டருக்குள் தரமான யூஎஸ்பி கேபிள், மின்கேபிளிலிருந்து அது விலகிச் செல்லும்படியான அமைப்பு ஆகியவற்றைச் செய்த பின்னும் சிக்கல் நீடித்தால் மட்டுமே பேஸைச் சந்தேகியுங்கள்.

கேள்வி: பத்து வயது மகனும் ஓட்ட ஆசைப்படுகிறான்.

பதில்: அவனுக்கென்று தனி புரொஃபைல் உருவாக்கி 4 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகாதபடி வையுங்கள். விசையைத் துண்டிக்கும் பொத்தான் அவன் கைக்கு எட்ட வேண்டும். நீங்கள் அருகில் இருக்க வேண்டும். கட்டைவிரலை ஸ்டீயரிங்கின் கம்பிகளுக்குள் கொக்கி போலப் போடக் கூடாது, சுவரில் மோதப்போகிறோம் என்று தெரிந்தால் கையை எடுத்துவிட வேண்டும் என்ற இரண்டு பழக்கங்களை முதல் நாளே சொல்லிக் கொடுங்கள். இவை பெரியவர்களுக்கும் பொருந்தும்.

கேள்வி: இதை வாங்கினால் சுற்று நேரம் குறையுமா?

பதில்: சற்று. பின்பக்கம் நழுவுவதை முன்னதாக அறிவதால் தவறுகள் குறையும். ஆனால் உங்கள் பிரேக் பெடல் இன்னும் அசைவை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர் வகை என்றால், முதலில் அழுத்தத்தை அளக்கும் லோட் செல் பெடலுக்குப் போங்கள்.

கேள்வி: பழைய ப்ரோ ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: சிமுக்யூப் 3 வரிசை 2025-இல் அறிவிக்கப்பட்ட பிறகு பழைய ப்ரோக்கள் சந்தைக்கு வருவது இயல்பே. அதனாலேயே பழையது பயனற்றதாகிவிடவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்து முன்னும் பின்னும் மேலும் கீழும் அசைத்து, தண்டிலோ, ஸ்டீயரிங்கைக் கழற்றி மாட்டும் க்விக் ரிலீஸிலோ ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் ஆட்டம் க்விக் ரிலீஸில்தான் இருக்கும், அதை மாற்றிவிடலாம். விசை இல்லாமல் சுழற்றும்போது பேரிங்கிலிருந்து உரசல் ஒலி வரக் கூடாது. அரை மணி நேரம் கடுமையாக ஓட்டிய பிறகு விசை குறைகிறதா என்பதையும் சோதியுங்கள். விசையைத் துண்டிக்கும் பொத்தானும் அசல் பவர் சப்ளையும் உடன் வர வேண்டும். வாரண்டி இரண்டாவது உரிமையாளருக்கு மாறுமா என்பதை விற்பவரிடம் கேட்காமல் நிறுவனத்திடமே எழுதிக் கேளுங்கள்.

நிறுவனத்தின் நிலையும் ஒரு கணக்குத்தான். ஃபனாடெக்கின் தாய் நிறுவனமான எண்டோர் 2024-இல் திவால் நடைமுறைக்குள் போய், அதே ஆண்டு கோர்செயர் அதை வாங்கிய இடைவெளியில், பழுதுபார்ப்பும் உதிரிபாகமும் என்ன ஆகும் என்று பலர் கவலைப்பட்டார்கள். எந்த நிறுவனத்தின் பேஸாக இருந்தாலும், ஃபர்ம்வேர் (பேஸுக்குள் இயங்கும் மென்பொருள்) கோப்பின் ஒரு பிரதியை வாங்கிய அன்றே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.