சாயம், ஒளி, ஒரே ஒரு கரண்ட்: குழந்தையின் சதைக் கட்டிக்கு இது போதுமா?

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. வலது முன்கையில், மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே கட்டி. பயாப்சியில் ராப்டோமயோசர்கோமா (ஒரு வகை தசைப் புற்று) என்று வந்தது. வேலூரில் கீமோ நடக்கிறது. அடுத்து 28 நாள் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்க வேண்டும், கை வளர்ச்சி கொஞ்சம் குறையலாம் என்கிறார்கள். ஜப்பானில் சாயம் விட்டு, ஒளி காட்டி, ஒரே ஒரு தடவை கரண்ட் வைத்துக் கையைக் காப்பாற்றுகிறார்கள் என்று என் மச்சான் ஒரு வீடியோ அனுப்பினார். அதற்கு வழி தேடும்வரை இங்கே கரண்டைத் தள்ளிப் போடலாமா? (ஒரு தந்தை, பேர்ணாம்பட்டு)

பதில்: தள்ளிப் போடாதீர்கள். காரணத்தைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன், இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மச்சான் அனுப்பியது கட்டுக்கதை இல்லை. ஜப்பானில் மியே பல்கலைக்கழகத்தின் குசுசாகி குழுவினர் உருவாக்கிய முறை அது. அக்ரிடின் ஆரஞ்சு என்று ஒரு சாயம். புற்றுச் செல்லுக்குள் அமிலம் மிகுந்த நுண்பைகள் உண்டு. சாயம் அங்கே போய்த் தங்கிக்கொள்ளும், நல்ல தசையிலிருந்து சீக்கிரம் வெளியேறிவிடும். கட்டியை எடுத்த குழியில் சாயக் கரைசலை விட்டு நீல ஒளியில் பார்த்தால், மிச்சமிருக்கும் புற்றுத் திசு பச்சையாக மினுங்கும். அதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் பார்த்துச் சுரண்டி எடுப்பார்கள். அப்புறம் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் ஒளி காட்டுவார்கள். சாயம் ஒளியை வாங்கி, பக்கத்திலுள்ள ஆக்சிஜனைச் செல்லை அழிக்கும் வடிவத்துக்கு மாற்றும். கடைசியில் தையல் போட்டுவிட்டு ஒரே ஒரு எக்ஸ்ரே, அளவு 5 கிரே (கிரே என்பது கதிரின் அளவைச் சொல்லும் அலகு).

ஒளி காட்டிய பிறகும் எக்ஸ்ரே எதற்கு? ஒளி சதைக்குள் அதிக தூரம் போகாது என்பதற்காக. இருட்டில் டார்ச்சை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள், சிவப்பு மட்டும்தான் கசியும். அந்தச் சிவப்பே தசைக்குள் ஒரு சென்டிமீட்டர் அளவில் வலுவிழந்துவிடும். நீலம் அதற்கும் முன்னால் நின்றுவிடும். ஆழத்தில் இருக்கும் சாயத்தைத் தூண்ட எக்ஸ்ரேயால் முடியும். அந்த 5 கிரேயின் வேலை அதுதான். உங்கள் மகனுக்குச் சொல்லியிருக்கும் 28 நாள் என்பது, தினம் 1.8 கிரே வீதம் மொத்தம் 50.4 கிரேயாக இருக்கும். அது கதிரின் சொந்த பலத்தில் செல்லை அழிக்கும் அளவு. இரண்டையும் பக்கத்தில் வைத்து, '50 எங்கே, 5 எங்கே' என்று ஒப்பிட்டால் கணக்கு தப்பாகிவிடும்.

இன்னொரு விஷயம். அந்த முறை வந்ததே, கட்டியைச் சுற்றி நல்ல தசையையும் நரம்பையும் அகலமாக வெட்டி எடுக்கும் பெரிய அறுவையைத் தவிர்க்கத்தான். ராப்டோமயோசர்கோமாவில் அந்தப் பெரிய அறுவையைத் தவிர்க்க உதவுவது கீமோவும் கரண்டும். அதாவது உங்கள் மகனின் கையைக் காப்பாற்றும் வேலையைத்தான் இங்கே இப்போதே செய்துகொண்டிருக்கிறார்கள். ஜப்பானிய அறிக்கைகள் நம்பிக்கை தருபவைதான். ஆனால் அவை குறைந்த எண்ணிக்கையிலான நோயாளிகளைப் பற்றியவை. வழக்கமான சிகிச்சையோடு நேருக்கு நேர் வைத்துச் சோதித்தவை இல்லை. அமெரிக்க, ஐரோப்பியக் குழந்தைப் புற்றுக் குழுக்களின் சிகிச்சை நெறிமுறைகளில் இந்த முறை சேரவில்லை. மேலும் அந்தச் சாயம் மரபணுவோடு ஒட்டிக்கொள்ளும் ரகம். எட்டு வயதுப் பையனுக்கு முன்னால் இன்னும் எத்தனையோ வருடம் இருக்கிறது. என் மகனாக இருந்தால் இதற்காக ஒரு வாரம்கூடக் காத்திருக்க மாட்டேன்.

(இதே வரிசையில், ஹாஃப்னியம் ஆக்சைடு என்ற உலோகச் சேர்மத்தின் நுண்துகள் பற்றியும் யாராவது வீடியோ அனுப்பக்கூடும். கட்டியில் ஊசியாகப் போட்டு, கரண்ட் வைத்து, பிறகு அறுவை செய்வார்கள். 2019-இல் வெளிவந்த ஆய்வில், கட்டியில் உயிருள்ள செல்லே கிட்டத்தட்ட மிஞ்சாதவர்கள் துகளோடு 16 சதவீதம், துகள் இல்லாமல் 8 சதவீதம். கலந்துகொண்டவர்கள் எல்லாரும் பெரியவர்கள்.)

சரி, கரண்டின் அளவைக் குறைக்க வழியே இல்லையா? இருக்கிறது, அது உங்கள் ஃபைலுக்குள்ளேயே இருக்கலாம். பயாப்சியில் எம்ப்ரியோனல் வகையா, ஆல்வியோலார் வகையா என்று நீங்கள் எழுதவில்லை. கட்டி எவ்வளவு வீரியமானது என்று கணிக்க உதவும் ஃபாக்ஸோ1 மரபணுச் சோதனையின் முடிவும் வேண்டும். எம்ப்ரியோனல் வகைக் கட்டி தொடக்கத்திலேயே ஓரங்கள் சுத்தமாக முழுசாக எடுக்கப்பட்டிருந்தால் கரண்டே தேவைப்படாமல் போகலாம். உங்கள் மகனுக்குக் கட்டி இன்னும் இருக்கிறது போலத் தெரிகிறது. அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி: "கீமோவில் கட்டி சுருங்கிய பிறகு, கையின் வேலை கெடாமல் அதை எடுக்க முடியுமா? எடுத்தால் கரண்டை 36 கிரேக்குக் குறைக்க முடியுமா?" 36 என்றால் 20 நாள். எல்லாருக்கும் பொருந்தாது, நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருந்தால் கணக்கே வேறு. ஆனாலும் அறுவை மருத்துவரும் கரண்ட் மருத்துவரும் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது.

கை வளர்ச்சி பற்றிய உங்கள் பயம் நியாயமானது. முன்கை எலும்புகளின் நீள வளர்ச்சியில் முக்கால் பங்குக்கு மேல் மணிக்கட்டுப் பக்கத்தில்தான் நடக்கிறது, கட்டியும் அங்கேதான். எலும்பு நுனிக்குப் பக்கத்தில் எலும்பை நீளமாக்கும் வளரும் பட்டை கதிருக்குள் வருமா, பாதி மட்டும் வருமா என்று கேளுங்கள். பாதி மட்டும் பட்டால் எலும்பு கோணலாக வளரலாம். அதனால் சில சமயம் முழுசாகவே உள்ளே சேர்ப்பார்கள். கையின் முழுச் சுற்றளவிலும் கதிர் படாமல், ஒரு நீளப் பட்டைத் தோலை விட்டுவைப்பதும் முக்கியம். இல்லாவிட்டால் நிணநீர் வடிய வழியில்லாமல் கை வீங்கும். பிளான் போடும் கம்ப்யூட்டர் படத்தைக் காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, கூச்சப்பட வேண்டாம்.

முதல் நாள் மோல்டு எடுப்பார்கள். வெந்நீரில் போட்டு இளகிய வலைத்தகட்டைக் கைமேல் வைத்து அழுத்துவார்கள். வெதுவெதுப்பாக இருக்கும், சில நிமிடத்தில் இறுகிவிடும். எட்டு வயதுப் பையன் அசையாமல் இருப்பான் என்றால் மயக்க மருந்து தேவைப்படாது. மோல்டை ஒருமுறை அவனையே தொட்டுப் பார்க்க விடுங்கள், பாதி பயம் போய்விடும். மெஷினில் வலி இருக்காது. தோலில் மை குறி போட்டிருந்தால் தேய்த்துக் கழுவாதீர்கள். அந்த இடத்தில் தேங்காய் எண்ணெய், மஞ்சள், தைலம் எதுவும் வேண்டாம். வேலூர் வெயிலில் தளர்வான பருத்தி முழுக்கைச் சட்டை போட்டு அழைத்து வாருங்கள்.

கரண்ட் நடக்கும்போது டாக்டினோமைசின் என்ற மருந்தை நிறுத்தி வைப்பார்கள். "கீமோவில் ஒரு மருந்தை விட்டுவிட்டார்கள்" என்று பதற வேண்டாம். கதிரோடு சேர்ந்தால் அது தோலையும் சவ்வையும் அதிகமாகப் புண்ணாக்கும், அதனால்தான்.

யாராவது "நாங்களே இங்கே ஒளி சிகிச்சை செய்கிறோம்" என்று முன்பணம் கேட்டால், ஆராய்ச்சியா, வழக்கமான சிகிச்சையா என்று கேளுங்கள். ஆராய்ச்சி என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டு எண்ணும் நெறிமுறைக் குழு அனுமதியும் இருக்க வேண்டும். உங்கள் கையெழுத்தோடு, எட்டு வயதுப் பையனிடமும் அவனுக்குப் புரியும்படி சொல்லி வாய்மொழிச் சம்மதம் வாங்க வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு என்றாலும், அது பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குத்தான்.

கீமோவால் வாய்ப்புண் வராமல் தடுக்கவோ ஆற்றவோ சில மருத்துவமனைகளில் வாய்க்குள் குறைந்த சக்தி லேசர் காட்டுவார்கள். அதில் சாயம் கிடையாது, கட்டிக்கும் சம்பந்தமில்லை. உங்கள் வார்டில் அப்படி ஏதாவது சொன்னால் வீடியோவில் பார்த்த சிகிச்சை என்று நினைத்துக் குழம்ப வேண்டாம். குழந்தை சாப்பிட முடியாமல் தவிப்பதைக் குறைக்கும், சம்மதிக்கலாம்.