சேற்று டிராகன்: எண்ணிப் பார்த்துவிட்டுப் பெயர் வையுங்கள்

கேள்வி: கடலடிச் சேற்றிலிருந்து பன்னிரண்டு சேற்று டிராகன்கள் எடுத்து ஸ்லைடு போட்டிருக்கிறேன். ஒன்றில் மட்டும் முட்கள் வேறு மாதிரி இருக்கின்றன. பழைய நூலைப் பார்த்தால் முட்கள் இருக்கும் கண்டத்தின் (உடல் வளையத்தின்) எண் ஒன்று, புதிய கட்டுரையில் வேறொன்று. எதை நம்புவது? இது புதிய சிற்றினம் என்றால் நான் பெயர் வைக்கலாமா?

பதில்: எண் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். அது தீராமல் முட்களை ஒப்பிட்டுப் பயனில்லை.

நுண்ணிய கடல் விலங்கான சேற்று டிராகனின் உடல் தலை, கழுத்து, அதன்பின் 11 உடற்கண்டங்கள் என்று அமைந்தது. பழைய ஆய்வாளர்கள் தலையை முதல் கண்டமாகவும் கழுத்தை இரண்டாம் கண்டமாகவும் எண்ணினார்கள். உடல் மூன்றில் தொடங்கிப் பதின்மூன்றில் முடியும். இப்போது கழுத்துக்குப் பின்னால் வருவதுதான் ஒன்று. ஆகவே பழைய எண்ணிலிருந்து இரண்டைக் கழியுங்கள். பழைய நூலில் ‘ஆறாவது கண்டத்தில் முதுகு முள்’ என்றிருந்தால், இன்றைய கணக்கில் அது நான்காவது. எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் எப்படி எண்ணியிருக்கிறார்கள் என்பதைப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள். இதைக் கவனிக்காததாலேயே ‘புதிய’ சிற்றினமாகத் தோன்றும் பூச்சிகள் உண்டு. (பூச்சி என்பது பேச்சு வழக்குக்குத்தான், இவை பூச்சியினம் இல்லை. கினோரிங்கா என்ற தனித் தொகுதி. பிரியாபுலிடா, லோரிசிஃபெரா இரண்டும் இவற்றின் நெருங்கிய உறவு.)

அடுத்து, உங்கள் விலங்கு எந்தப் பக்கம் சேரும்? 2015 இல் வந்த வகைப்பாட்டின்படி வகுப்புகள் இரண்டு: சைக்ளோராகிடா, அல்லோமலோராகிடா. முன்பு குறுக்குவெட்டு முக்கோணமா வட்டமா என்று பார்த்தே பிரித்துவிடுவார்கள். இப்போது அது போதாது. டிராகோடெரஸ் பேரினம் பார்வைக்குச் சைக்ளோராகிடா போலவே இருந்தும் அல்லோமலோராகிடாவுக்கு மாற்றப்பட்டது. ஆகவே வடிவத்தை விட்டுவிட்டு உடலின் தகடுகளைப் பாருங்கள். முதல் இரண்டு கண்டங்களும் பிளவில்லாத வளையங்களாக இருந்து, மூன்றாவதிலிருந்து ஒரு முதுகுத் தகடும் இரண்டு வயிற்றுத் தகடுகளுமாகப் பிரிந்தால், பெரும்பாலும் அது எக்கினோடெரஸ். சேற்றில் அதிகம் கிடைப்பதும், மிக அதிகச் சிற்றினங்கள் கொண்டதும் இதுதான். முதல் கண்டத்திலேயே வயிற்றுப் பக்கம் மூன்று தகடுகள் தெரிந்தால் பிக்னோஃபியிடே குடும்பம்.

உங்கள் ஒற்றை ஆளுக்கு வருவோம். புதுமைக்கு முன்னால் சலித்துப் பார்க்க வேண்டிய சாதாரணக் காரணங்கள் மூன்று.

முதலாவது, குஞ்சாக இருக்கலாம். இவை பல முறை தோலுரித்தே முதிர்நிலையை அடைகின்றன. இளம் நிலைகளின் முட்கள் முதிர்ந்தவற்றோடு பொருந்தாது. எக்கினோடெரஸில் இதற்கு நல்ல அடையாளம் ஒன்று: உடல் நுனியில் பக்கத்துக்கொன்றாக இருக்கும் இரண்டு நீள முட்களுக்கு நடுவே மூன்றாவதாக ஒரு முள் நின்றால் அது குஞ்சு. முதிர்ந்தவற்றில் அந்த நடுமுள் இருக்காது. (சென்ட்ரோடெரஸ் போன்ற சிலவற்றில் முதிர்ந்த பின்னும் இருக்கும், ஆகவே பேரினம் உறுதியான பிறகே இந்தச் சோதனை.) தோல் மெல்லியதாக, ஸ்லைடில் எளிதில் நசுங்குவதாக இருப்பதும் அறிகுறி. இந்தப் பொறியில் பெரியவர்களே விழுந்திருக்கிறார்கள்: 1928 இல் இவற்றைப் பற்றிப் பெரும் தனிநூல் எழுதிய செலின்கா காலத்தில் ஹாப்ரோடெரஸ், சென்ட்ராப்சிஸ், ஹயலோஃபியஸ் என்று தனிப் பேரினங்களாக நின்றவை வெறும் குஞ்சு நிலைகள் என்று பின்னால் தெரிந்தது.

இரண்டாவது, ஆண் பெண் வேறுபாடு. எக்கினோடெரஸ் பெண்ணுக்கு நுனி முட்களின் பக்கத்தில் துணை முட்கள் இரண்டு உண்டு. ஆணுக்கு அவ்விடத்தில் மூன்று ஜோடி குட்டையான ஆண்குறி முட்கள். பிக்னோஃபியிடே ஆணுக்கு இரண்டாம் கண்டத்தின் வயிற்றில் பெரும்பாலும் ஒரு ஜோடிக் குழல்கள் (மெல்லிய குழாய் போன்ற நீட்சிகள்) இருக்கும். பன்னிரண்டில் பதினொன்று பெண்ணாக இருந்தால் ஒரே ஆண் ‘வேறு சிற்றினம்’ போலவே தெரியும்.

மூன்றாவது, தயாரிப்புக் கோளாறு. முள் உடைந்திருக்கலாம், உடல் திருகி முதுகு பக்கவாட்டுக்கு வந்திருக்கலாம். உடைந்த முள்ளின் அடியில் குழிந்த பொருத்திடம் தெரியும். அங்கே முள் இருந்தது என்றே எண்ணுங்கள். அடுத்த தடவை சேற்றைக் கடல்நீரோடு கலக்கிக் காற்றுக் குமிழ்கள் விடுங்கள். நீர் ஒட்டாத தோல் கொண்ட இவை மேற்பரப்பில் மிதக்கும். சாதாரணத் தாளை நீர்ப்பரப்பில் ஒற்றி எடுத்து, சுமார் 60 மைக்ரோமீட்டர் சல்லடையில் கழுவுங்கள். பதப்படுத்தியதை நேராகக் கிளிசரினில் போட்டால் உடல் சுருங்கிக் குழிந்துவிடும். எத்தனாலில் கொஞ்சம் கிளிசரின் கலந்து, எத்தனால் மெல்ல ஆவியாகும்படி விடுங்கள். பிறகு இரண்டு கவர் ஸ்லிப்புகளுக்கு நடுவே வையுங்கள். முதுகும் வயிறும் இரண்டும் பார்க்கலாம். கனமான கண்ணாடி ஸ்லைடில் ஒட்டினால் ஒரு பக்கம் போயிற்று.

இம்மூன்றையும் கடந்தும் வேறுபாடு நின்றால், கண்டம் வாரியாக ஒரு அட்டவணை போடுங்கள். இடப்பக்கம் 1 முதல் 11. மேலே முதுகு நடு, முதுகோரம், பக்கம், வயிற்றோரம் என்று இடங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் முள், குழல், சுரப்பித் துளை, உணர்புள்ளி என்று எழுதுங்கள். எக்கினோடெரஸில் முதுகு நடு முட்கள் 4 முதல் 8 வரை ஐந்து கண்டங்களிலும் இருக்கலாம், சிலவற்றில் குறைவு, யூனிஸ்பினோசஸ் சிற்றினத்துக்கு நான்காவதில் ஒரே ஒரு முள். ஆகவே முதுகு முள் எண்ணிக்கை மட்டும் போதாது, குழல்களின் இடங்களும் வேண்டும். குழலும் சிறு முள்ளும் ஒளி நுண்நோக்கியில் குழப்பும். 100 மடங்கு எண்ணெய் லென்ஸில் பார்த்தும் தெளியாவிட்டால் மின் நுண்நோக்கிதான் வழி. நீளத்தை முதல் கண்டத்தின் முன்விளிம்பிலிருந்து பதினொன்றின் பின்விளிம்பு வரை அளவிடுங்கள். நுனி முட்களைச் சேர்க்காதீர்கள்.

பெயர் வைக்கலாமா என்றால், யாரும் வைக்கலாம். ஆனால் ஒரே ஒரு மாதிரியை வைத்து வைக்காதீர்கள் என்பது எங்கள் அபிப்பிராயம். சட்டம் தடுக்கவில்லை, ஆனால் ஆண், பெண் இரண்டும், சில மாதிரிகளின் வேறுபாட்டு எல்லையும் தெரியாத சிற்றினம் அடுத்தவருக்குத் தலைவலி. அனைத்துலக விலங்கியல் பெயரிடல் விதிகளின்படி, 2000 முதல் ஒரு ஹோலோடைப் மாதிரியை (பெயருக்கு ஆதாரமாக நிற்கும் ஒற்றை மாதிரியை) குறித்து, அது எந்தச் சேகரத்தில் வைக்கப்படும் என்றும் எழுத வேண்டும். வேறுபடுத்தும் விளக்கமும் ‘புதிய சிற்றினம்’ என்ற வெளிப்படையான அறிவிப்பும் வேண்டும். இணையத்தில் மட்டும் வெளியாகும் கட்டுரையானால் ஜூபேங்க் (விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடு) பதிவு கட்டுரையிலேயே இடம்பெற வேண்டும். இல்லாவிட்டால் பெயர் செல்லாது.

வெளியீட்டின் வடிவம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இத்தொகுதியின் தொடக்கமே சாட்சி. 1841 இல் பிரான்சின் செயின்ட் மாலோ கடற்கரையில் இவற்றை முதலில் கண்டவர் பிரெஞ்சு விலங்கியலாளர் டுஜார்டின். அவர் வைத்தது எக்கினோடேர் என்ற பிரெஞ்சுப் பெயர். லத்தீன் வடிவில் வெளியிட்டவர் கிளாபரேட். அதனால் இன்றும் பேரினம் ‘எக்கினோடெரஸ் கிளாபரேட், 1863’ என்றே எழுதப்படுகிறது. கண்டுபிடித்தவர் டுஜார்டினி என்ற சிற்றினப் பெயரில் மட்டும் இருக்கிறார்.

சிற்றினப் பெயர் பெயரடையாக இருந்தால் பேரினத்தின் பாலோடு ஒத்திருக்க வேண்டும். எக்கினோடெரஸ் ஆண்பால். 1961 இல் டிராக்கிடெமஸ் பேரினத்தில் காட்டஃப்ராக்டஸ் என்று பிறந்த ஒன்று, கினோரிங்கஸ் வழியாக 2016 மறுவகைப்பாட்டில் ஹிக்கின்சியத்துக்குப் போனதும் காட்டஃப்ராக்டம் ஆயிற்று. இப்படிப் பேரினம் மாறினால் ஆசிரியர் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் போகும்: (ஹிக்கின்ஸ், 1961). மாறாதவற்றுக்கு அடைப்புக்குறி கிடையாது. ஒருவர் பெயரைச் சூட்டினால் லத்தீன் எழுத்தில் ஆணுக்கு ‘-i’, பெண்ணுக்கு ‘-ae’ ஈறு.

அதுவரை உங்கள் விசித்திர ஸ்லைடில் ‘எக்கினோடெரஸ் எஸ்பி. 1’ (எஸ்பி. என்றால் பெயர் தெரியாத சிற்றினம்) என்று எழுதி, தேதி, ஆழம், அட்சரேகை, தீர்க்கரேகை குறித்து வையுங்கள். வைக்க நினைத்திருக்கும் பெயரை ஆய்வேட்டிலோ மாநாட்டுச் சுருக்கத்திலோ எழுதிவிடாதீர்கள். அதே இடத்துச் சேற்றை இன்னொரு தடவை எடுங்கள். மரபணுவுக்காகச் சிலவற்றை ஃபார்மலினில் போடாமல் எத்தனாலில் போடுங்கள்.