கருப்பு வண்டியில் சுழல் கீறல்: வேக்ஸ் போட்டவர் பொறுப்பா, துடைத்தவர் பொறுப்பா?

கேள்வி: திருப்பூரில் பனியன் செக்கிங், பேக்கிங் ஜாப் ஒர்க் செய்கிறேன். என் கருப்புக் கார் நிறுவனத்தின் பெயரில் வாங்கியது. ஆனால் வீட்டுக்குத்தான் ஓடுகிறது. தை மாதம் மகள் திருமணம் என்பதால் கோவையில் ஒரு கடையில் மிஷின் வேக்ஸ் போடக் கொடுத்தேன். 6,500 ரூபாயை யுபிஐ மூலம் அனுப்பினேன், பில் தரவில்லை. மாலையில் எடுத்தபோது வண்டி கண்ணாடி போல இருந்தது. மறுநாள் வெயிலில் பார்த்தால் பானெட், கதவு, டிக்கி எங்கும் வட்ட வட்டமாகக் கீறல். கேட்டதற்கு, "நீங்கள் தினமும் பனியன் வேஸ்ட்டால் துடைத்ததுதான் காரணம். வேண்டுமானால் இன்னொரு கோட் வேக்ஸ் இலவசமாகப் போட்டுத் தருகிறோம்" என்கிறார்கள். 'சேதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற போர்டையும் காட்டுகிறார்கள். பனியன் வேஸ்ட்டால் துடைப்பது உண்மைதான். முழு வண்டிக்கும் பெயின்ட் அடிக்கும் செலவைக் கேட்க முடியுமா? காவல் நிலையம் போகலாமா?

பதில்: அந்த இலவச வேக்ஸுக்கு மட்டும் தலையாட்டிவிடாதீர்கள். வேக்ஸ் கீறலைப் போக்காது, அதன் பள்ளத்தை நிரப்பி மறைக்கும். வேக்ஸ் தேயத் தேயக் கீறல் மறுபடி எட்டிப் பார்க்கும். அதற்குள் உங்கள் சாட்சியம் கலைந்திருக்கும். நீங்கள் வண்டியை எடுத்த மாலையில் எல்லாம் பளபளவென்று தெரிந்ததற்கும் பாதிக் காரணம் இதுவாகவே இருக்கும். மீதிக் காரணம் கடையின் டியூப் லைட்.

காவல் நிலையம் வேண்டாம். இது சேவைக் குறைபாடு, குற்றம் அல்ல. போக வேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

இனி உங்கள் வழக்கின் கழுத்துப் பிடிக்கு வருவோம். கீறல் யாருடையது? கடைக்காரர் சொல்வதில் துளி உண்மையும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. நம் ஊரில் வொர்க்‌ஷாப், லேத், வீடு என்று எங்கும் பனியன் வேஸ்ட்தான் துடைக்கும் துணி. கையில் எடுத்துப் பாருங்கள்: பருத்தி மிருதுவாகத்தான் இருக்கும், ஓரத்தில் ஓவர்லாக் தையலின் பாலியஸ்டர் நூல் நரம்பு போல நிற்கும். வண்டி மேல் படிந்த செம்மண் தூசியோடு அதைச் சேர்த்துத் தேய்த்தால் அது உப்புத்தாள் செய்யும் வேலையைத்தான் செய்யும்.

ஆனால் துணிக் கீறலும் மிஷின் கீறலும் ஒரே ஜாதி அல்ல. இருட்டில் செல்போன் டார்ச்சை பானெட்டுக்கு மேல் பிடித்து மெதுவாக நகர்த்துங்கள். சிலந்தி வலை போன்ற வட்டம் வெளிச்சத்தோடு கூடவே நகர்ந்தால், அவை பல திசைகளில் ஓடும் மெல்லிய கீறல்கள்; வட்டமாகத் தெரிவது வெளிச்சம் செய்யும் வேடிக்கை. துடைப்பதாலும் கழுவுவதாலும் வருபவை பெரும்பாலும் இவை. அதற்கு மாறாக, உள்ளங்கை அகலத்தில் பட்டை பட்டையாக, மிஷின் போன வழியிலேயே வளைந்து செல்லும் தடங்கள் இருக்கின்றனவா? அவை ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி பஃபிங் மிஷினின் கையெழுத்து. எந்தப் பனியன் துணியும் அப்படிப் போடாது. இரண்டும் கலந்திருந்தால், கலந்திருக்கிறது என்றே மனுவில் எழுதுங்கள். துடைத்ததை நீங்களே ஒப்புக்கொண்டு, அதற்கும் இந்தத் தடத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் படத்தோடு காட்டினால் எதிர்த்தரப்பின் பெரிய ஆயுதம் பிடி இல்லாமல் போய்விடும்.

ஒரு வழக்குக்காக நான் இப்படி ஒரு பட்டறையில் அரை நாள் உட்கார்ந்து பார்த்தேன். வேலை செய்த பையனின் கையிலிருந்து பேட், அதாவது மிஷின் முனையில் மாட்டித் தேய்க்கும் மெத்தை, நழுவித் தரையில் விழுந்தது. எடுத்தான், தொடையில் இரண்டு தட்டுத் தட்டினான், மிஷினில் மாட்டிக்கொண்டான். கவனக்குறைவு என்ற சொல்லுக்கு அதைவிட நல்ல விளக்கம் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. தரையில் விழுந்த பேடை வேறு பேடாக மாற்ற வேண்டும். வண்டியை முழுதாகக் கழுவி, ஒட்டியிருக்கும் துகளை, கார்களுக்கென்றே விற்கும் களிமண் கட்டியால் (கிளே பார்) எடுத்த பிறகே மிஷின் தொட வேண்டும். நிழலில், பாடி சூடு ஆறிய பிறகு, மெத்தென்ற ஃபோம் பேடில், குறைந்த வேகத்தில், மெல்லிய பூச்சாகப் போட வேண்டும். வேக்ஸுக்கு, சுழன்றுகொண்டே ஊசலாடும் டூயல் ஆக்‌ஷன் மிஷினே போதும். ரோட்டரியும் கம்பளி பேடும் பழகிய கைக்கு உரியவை. கடைசியில் சுத்தமான மைக்ரோ ஃபைபர் துணியால் எடுக்க வேண்டும். இவற்றில் எது விடுபட்டது என்று கடைக்கு அனுப்பும் நோட்டீஸில் கேளுங்கள். மிஷின் வகையையும் பேட் வகையையும் எழுத்தில் சொல்லச் சொல்லுங்கள்.

சட்டப்படி, வண்டியை ஒப்படைத்த நேரத்திலிருந்து அதன் காவல் கடைக்காரருடையது. தன் சொந்தப் பொருளை ஒரு சாதாரண விவேகி எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அந்த அளவு கவனம் வேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆவது பிரிவு. தன் காவலில் சேதம் நேர்ந்தது என்று தெரிந்துவிட்டால், கவனமாகத்தான் இருந்தேன் என்று காட்டும் சுமை அவர் தலைக்குப் போகும். பழைய கீறல் என்றால், வண்டியை வேலைக்கு எடுத்துக்கொள்ளும்போதே ஜாப் கார்டில் (கடை எழுதும் பணிச் சீட்டில்) குறித்திருக்கலாமே? குறிக்கவில்லை. சுவரில் தொங்கும் போர்டு, வேலைக்கு முன்பே உங்களிடம் சொல்லி நீங்கள் சம்மதித்தாலொழிய, ஒப்பந்தம் ஆகிவிடாது.

பில் தராதது உங்களுக்கு நஷ்டம் இல்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அதுவே நேர்மையற்ற வணிக நடைமுறை. யுபிஐ பதிவும் வாட்ஸ்அப் உரையாடலும் போதும்.

நிறுவனத்தின் பெயரில் வண்டி இருப்பதுதான் எனக்குச் சற்று உறுத்துகிறது. வணிக நோக்கத்துக்காகச் சேவை பெற்றவர் சட்டப்படி நுகர்வோர் ஆகமாட்டார் என்பதால், 'வணிக நோக்கம்' என்று ஆட்சேபம் கட்டாயம் வரும். மருத்துவ அறக்கட்டளை ஒன்று செவிலியர்கள் தங்குவதற்காக வீடுகள் வாங்கிய வழக்கில், பரிவர்த்தனையின் முதன்மை நோக்கம் லாபம் ஈட்டும் செயலோடு நேரடியாகத் தொடர்புடையதா என்பதையே பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லியிருக்கிறது. மகள் கல்யாணத்துக்கு வேக்ஸ் போடுவதில் என்ன லாபம்? வண்டியைச் சரக்கு ஏற்றவோ வாடகைக்கோ விடுவதில்லை என்று பிரமாண வாக்குமூலத்தில் தெளிவாகச் சொல்லுங்கள்.

சாட்சியம் சேர்ப்பதை இந்த வாரமே முடியுங்கள். காலை பத்து மணி வெயிலில் நம்பர் பிளேட்டோடு முழு வண்டியை ஒரு படம், பிறகு இடம் இடமாக நெருங்கி. டார்ச் நகர்த்துவதை வீடியோவாக எடுங்கள். கோப்புகள் போனிலேயே இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படத்துக்குள் இருக்கும் தேதி விவரம் போய்விடும். பழைய படங்களையும் துழாவுங்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்தபோதோ, பண்ணாரிக்குப் போனபோதோ வெயிலில் எடுத்த படத்தில் பானெட் தெளிவாக விழுந்திருந்தால் அது தங்கம். அடுத்து, உங்கள் டீலரின் பாடி ஷாப்பிலோ தொடர்பில்லாத வேறு கடையிலோ எழுத்து அறிக்கையும் எஸ்டிமேட்டும் வாங்குங்கள். பெயின்ட் கனத்தை மீட்டரால் அளந்து எழுதச் சொல்லுங்கள். நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட் ஏறத்தாழ 40, 50 மைக்ரான்தான். தலைமுடி ஒன்றின் கனம்கூட இல்லை. கீறலைப் போக்குவது என்றால் அதில் கொஞ்சத்தைச் சீவி எடுப்பதுதான். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரியாமல் யாரும் கை வைக்கக் கூடாது.

முழுப் பெயின்ட் செலவு கேட்காதீர்கள். பாலிஷில் சரியாகும் கீறலுக்குப் புது பெயின்ட் கேட்டால் ஆணையம் உங்களையும் ஒரு மாதிரியாகப் பார்க்கும். கொடுத்த 6,500 ரூபாய், சரிசெய்ய ஆகும் எஸ்டிமேட் தொகை, மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, வழக்குச் செலவு, இவ்வளவே. எங்காவது கிளியர் கோட் அறுந்து நிறம் வெளுத்திருந்தால் அந்தப் பாகத்துக்கு மட்டும் பெயின்ட் செலவைச் சேர்க்கலாம்.

ஸ்பீடு போஸ்ட்டில் 15 நாள் அவகாசம் தந்து நோட்டீஸ் அனுப்புங்கள். அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கோவைக்கு அலைய வேண்டாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுப் போட இப்போதைய சட்டம் அனுமதிக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை. இரண்டு ஆண்டு வரை கெடு இருக்கிறது. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் தாக்கல் செய்யலாம். அதற்கு முன் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிந்து பாருங்கள். சில கடைகள் அதற்கே இறங்கி வரும்.

இறங்கி வந்து, கீறலை எடுத்தே தருகிறேன் என்றால் எழுத்தில் வாங்குங்கள். வேலை முடிந்ததும், மேலே எந்தப் பூச்சும் போடுவதற்கு முன், கீறலை மறைத்து நிற்கும் பூச்சு போக ஐசோபுரோபைல் ஆல்கஹால் கலந்த நீரால் துடைத்து வெயிலில் காட்ட வேண்டும் என்று அதில் ஒரு வரி இருக்கட்டும்.

கடைக்காரர் இறங்கி வராவிட்டாலும், கல்யாணத்தை வைத்துக்கொண்டு நீங்கள் தீர்ப்பு வரும்வரை வண்டியை அப்படியே நிறுத்திவைக்க வேண்டியதில்லை. படமும் அறிக்கையும் கைக்கு வந்து, நோட்டீஸ் கெடுவும் முடிந்தபின் வேறு இடத்தில் கொடுத்துச் சரிசெய்துகொள்ளுங்கள். இந்த முறை, சாவியைக் கொடுப்பதற்கு முன் ஜாப் கார்டு, எடுக்கும்போது பில்.