எழுப்பிய பிறகும் எழாத திரெட்: லினக்ஸ் கெர்னலில் ஒரு வரிசைப் பிழை

கேள்வி: லினக்ஸில் ஒரு கருவிக்கு டிரைவர் எழுதியிருக்கிறேன். தரவு வந்ததும் இன்டரப்ட் ஹேண்ட்லர் (கருவி அழைத்ததும் உடனே ஓடும் நிரல்) ஒரு ஃபிளாக்கை (ஆம்/இல்லை குறிக்கும் மாறி) 1 ஆக்கிவிட்டு, காத்திருக்கும் கெர்னல் திரெட்டை (இயங்குதளத்தின் மையப் பகுதியில் தனியே ஓடும் பணி) எழுப்புகிறது. சில நாள்களுக்கு ஒருமுறை, ஃபிளாக் 1 ஆக இருந்தும் திரெட் உறங்கிக் கிடக்கிறது. செய்தி அச்சிடும் பிரிண்ட்கே வரிகளைச் சேர்த்தால் பிழை வருவதே இல்லை. எங்கே தேடுவது?

பதில்: உங்கள் கோடில் திரெட் முதலில் ஃபிளாக்கைப் பார்க்கிறது, அது 0 எனில் தன் நிலையை டாஸ்க்_இன்டரப்டிபிள் (உறங்கும் நிலை) என மாற்றிக்கொள்கிறது, பிறகு பிராசஸரை அடுத்த பணிக்கு விட்டுக்கொடுக்கும் ஷெட்யூல் அழைக்கப்படுகிறது. முதல் இரண்டு வரிகளுக்கு நடுவேதான் பிழை இருக்கிறது. ஃபிளாக் 0 என்று படித்து முடித்த கணத்தில் இன்டரப்ட் வந்தால், ஹேண்ட்லர் ஃபிளாக்கை 1 ஆக்கி, திரெட்டை எழுப்பும் வேக்_அப்_பிராசஸை அழைக்கும். ஆனால் திரெட்டின் நிலை அப்போதும் டாஸ்க்_ரன்னிங் (ஓடும் நிலை) என்றே இருப்பதால், எழுப்புவதற்கு ஒன்றுமில்லை என்று அது 0-வைத் திருப்பித் தந்துவிடும். அதன் பின்னர் திரெட் தன் நிலையை மாற்றிக்கொண்டு உறங்கப் போகிறது. அதை எழுப்ப இனி யாரும் வரப்போவதில்லை. ஒரே கோர் உள்ள கணினியிலும் இது நேரும். பிரிண்ட்கே கால இடைவெளியை மாற்றுவதால் பிழையை மறைக்கிறதே தவிர, நீக்குவதில்லை.

வரிசையைத் திருப்புங்கள். முதலில் செட்_கரண்ட்_ஸ்டேட் மூலம் நிலையை மாற்றி, அதன் பிறகே ஃபிளாக்கைப் பார்த்து, தேவையானால் ஷெட்யூலை அழையுங்கள். இடையில் எழுப்பல் வந்தால் நிலை மீண்டும் டாஸ்க்_ரன்னிங் ஆகிவிடும். ஷெட்யூல் அந்தத் திரெட்டை உறங்க வைக்காது. நிலையை மாற்றிய பிறகு, ஃபிளாக்கைப் பார்க்கும் முன்பே ப்ரீஎம்ப்ஷன் (கெர்னல் திரெட்டை இடையில் நிறுத்தி வேறொன்றை ஓட்டுவது) நேர்ந்தால் என்ன ஆகும் என்ற ஐயம் நியாயமானது. ப்ரீஎம்ப்ஷனால் நிறுத்தப்படும் திரெட், அதன் நிலை எதுவாயினும், ஓடத் தயாராக உள்ளவற்றின் வரிசையிலிருந்து நீக்கப்படுவதில்லை. காரணமின்றி எழுப்பப்படுவதும் உண்டு என்பதால், இவை அனைத்தும் ஒரு லூப்புக்குள் இருக்க வேண்டும்.

வரிசையைத் திருப்பினால் மட்டும் போதாது, பிராசஸரும் அந்த வரிசைக்குக் கட்டுப்பட வேண்டும். நினைவகத்தில் எழுதுவதை ஸ்டோர் பஃபர் என்னும் தற்காலிக இடத்தில் வைத்துக்கொண்டு, அடுத்து வரும் படிப்பை முந்திச் செய்யும் உரிமை எக்ஸ்86 பிராசஸர்களுக்கும் உண்டு. அப்போது காத்திருப்பவர் பழைய ஃபிளாக்கையும், எழுப்புபவர் பழைய நிலையையும் பார்த்து, இருவருமே ஏமாந்துபோகலாம். செட்_கரண்ட்_ஸ்டேட்டுக்குள் முழு மெமரி பேரியர் (முன்பின் வரும் எழுத்தும் படிப்பும் வரிசை மாறாமல் தடுக்கும் தடை) இருக்கிறது. வேக்_அப்_பிராசஸும் நிலையைப் படிக்கும் முன் அதே தடையைப் போடுகிறது. செட்_கரண்ட்_ஸ்டேட்டின் இரண்டு அடிக்கோட்டோடு தொடங்கும் வடிவத்தில் அந்தத் தடை கிடையாது. உறங்கப் போகுமுன் அந்த வடிவத்தைப் பயன்படுத்தாதீர்கள்.

எனினும், இந்த லூப்பைக் கையால் எழுதுவதைவிட, வெயிட் கியூ (காத்திருப்போர் வரிசை) ஒன்றை அமைத்து வெயிட்_ஈவென்ட்_இன்டரப்டிபிளை அழைப்பதையே நான் பரிந்துரைப்பேன். மேற்சொன்ன வரிசையை அந்த மேக்ரோவே கடைப்பிடிக்கிறது. கியூவில் யாரும் இல்லையெனில் எழுப்பும் செலவை மிச்சப்படுத்தலாம் என்று, அதைச் சோதிக்கும் வெயிட்கியூ_ஆக்டிவைத் தனியே பயன்படுத்தினால், விட்ட பிழை வேறு வழியில் திரும்பி வரும். அதில் பேரியர் இல்லை. அதையே சோதிக்கும் டபிள்யூக்யூ_ஹேஸ்_ஸ்லீப்பரில் இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஹேண்ட்லர் வைத்திருக்கும் டாஸ்க் பாயின்ட்டர் (திரெட்டின் விவரம் உள்ள நினைவக முகவரி), திரெட் முடிந்து அதன் நினைவகம் விடுவிக்கப்பட்ட பிறகும் அங்கேயே கிடந்தால், அடுத்த எழுப்பல் வேறெதையோ சிதைக்கும். கெட்_டாஸ்க்_ஸ்ட்ரக்ட் மூலம் முன்பே ஒரு ரெஃபரன்ஸைப் (அந்த நினைவகம் இன்னும் பயன்பாட்டில் உள்ளது என்ற பதிவை) பிடித்துவையுங்கள். வேலை முடிந்ததும் புட்_டாஸ்க்_ஸ்ட்ரக்ட் மூலம் விடுங்கள். 2015-இல் 4.2 பதிப்பில் வந்த வேக்_க்யூ என்ற எழுப்பல் பட்டியலும், லாக்கை விட்ட பிறகு எழுப்புவதற்காகச் சேர்த்துவைக்கும் ஒவ்வொரு டாஸ்க்குக்கும் இதையே செய்கிறது.

திருத்தத்தைச் சோதிக்க நாள்கணக்கில் காத்திருக்க வேண்டாம். பழைய கோடில் அந்த இரண்டு வரிகளுக்கு நடுவே 10 மில்லிவிநாடி எம்டிலே (உறங்காமல் காத்திருக்கும் தாமதம்) வைத்தால், திரெட் விரைவிலேயே முடங்கும். புதிய கோடிலும், நிலையை மாற்றும் வரிக்கும் ஃபிளாக்கைப் பார்க்கும் வரிக்கும் நடுவே அதையே வைத்து ஓட்டுங்கள், முடங்கக் கூடாது. எம்ஸ்லீப் வேண்டாம்: அது தானே உறங்கி எழும்போது நீங்கள் வைத்த நிலையை டாஸ்க்_ரன்னிங் ஆக்கிவிடும், சோதனை எதையும் காட்டாது.