பிரிட்ஜுக்கு மேலதிக வாரண்டி: 18,000 ரூபா கொடுக்கலாமா?

கேள்வி: மஸ்கெலியாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். அம்மா கொழுந்து பறிக்கிறார், நான் ஹட்டனில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். வீட்டுக்கு முதல் தடவையாக பிரிட்ஜ் வாங்கப் போகிறோம். இன்வேர்ட்டர் வகை, விலை 165,000 ரூபா, 24 மாதத் தவணை. கம்பனி வாரண்டி 2 வருடம், கம்ப்ரசருக்கு மட்டும் 10 வருடம். அது முடிந்த பிறகு இன்னும் 3 வருடத்துக்கு மேலதிக வாரண்டி வேண்டுமென்றால் 18,000 ரூபாவாம். அதையும் தவணையோடு சேர்த்து மாதம் 950 ரூபாவாகக் கட்டலாம், ஆனால் இன்றைக்கே எடுத்தால்தான் உண்டு என்கிறார்கள். நாங்கள் இருக்கும் லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) கரண்ட் அடிக்கடி கூடிக் குறையும் என்பதால் அம்மா எடுக்கச் சொல்கிறார். பின்னேரத்தில் ஐஸ் பக்கெட், யோகட் விற்கவும் ஒரு யோசனை இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: பிரிட்ஜை வாங்குங்கள், சகோதரி. மேலதிக வாரண்டியை இந்த விலைக்கு, இந்த முறையில் எடுக்க வேண்டாம்.

அம்மாவுடைய பயம் நியாயமானது. ஆனால் அவர் எதற்குப் பயப்படுகிறாரோ, பெரும்பாலான வாரண்டிகள் அதைத்தான் விலக்கி வைக்கின்றன. கடையில் அந்தப் பத்திரத்தைக் கேட்டு வாங்கி, பொடி எழுத்தில் இருக்கும் பகுதியைப் படியுங்கள். மின்னழுத்த ஏற்ற இறக்கம், மின்னல், தண்ணீர், துரு, எலி கடித்த வயர் என்று ஒரு வரிசை இருக்கும். இவற்றால் வரும் பழுதுக்கு அவர்கள் பொறுப்பில்லை. லயத்தில் பிரிட்ஜுக்கு வரக்கூடிய ஆபத்துகளும் கிட்டத்தட்ட அதே வரிசைதான். டெக்னீஷியன் வந்து பின்பக்க மூடியைக் கழற்றுவார், கருகிய போர்டைப் பார்ப்பார், 'கரண்ட் கூடியதால் ஏற்பட்ட பழுது' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். 18,000 ரூபா கட்டியவருக்கும் அதே பதில்தான்.

இலங்கையில் வீட்டுக்கு வரவேண்டிய மின்னழுத்தம் 230 வோல்ட். 6 சதவீதம் கூடலாம், குறையலாம். அதாவது 216 முதல் 244 வரை சரி. மாலை ஆறரையிலிருந்து பத்தரை வரை எல்லா வீட்டிலும் ரைஸ் குக்கர், டி.வி., ஹீட்டர் என்று ஓடும்போது, டிரான்ஸ்போமரிலிருந்து தூரத்தில் இருக்கும் கடைசி லயத்துக்கு அந்த 216 கூட வராமல் போகலாம். லைட் மங்குவதை வைத்தே உங்களுக்கு இது தெரிந்திருக்கும். கரண்ட் போய்த் திரும்பி வரும் அந்த நொடி இதைவிட மோசம். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்து இடி மின்னல் வேறு. இன்வேர்ட்டர் பிரிட்ஜில் கம்ப்ரசரை ஓட்டுவதே ஒரு எலக்ட்ரோனிக் போர்ட்தான், இந்த அடி முதலில் விழுவது அதன் மேல். 'கம்ப்ரசருக்கு 10 வருடம்' என்பது பொதுவாக கம்ப்ரசர் என்ற பாகத்துக்கு மட்டும்தான். போர்டுக்கும் காஸ் அடிப்பதற்கும் கூலிக்கும் தனியாகப் பணம் கேட்பார்கள். இதையும் கடையில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, பணக் கணக்குக்கு வருவோம். மாதம் 950 ரூபா, 24 மாதத்துக்கு 22,800 ரூபா. கடைக்காரர் வாயால் சொன்ன விலை 18,000. மிச்சம் 4,800 ரூபா, இன்னும் தொடங்காத ஒரு வாரண்டிக்கு நீங்கள் கட்டும் வட்டி. தொடங்காத என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முதல் 2 வருடமும் கம்பனி வாரண்டி எப்படியும் உண்டு. மேலதிக வாரண்டி வேலை செய்யத் தொடங்குவது மூன்றாம் வருடத்தில், அதற்குள் நீங்கள் முழுப் பணத்தையும் கட்டி முடித்திருப்பீர்கள். 2024 வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் பார்த்தால், 22,800 ரூபா அம்மாவுக்கு ஏறத்தாழ 17 பேர், அதாவது 17 நாள் வேலை. பனியிலும் அட்டைக்கடியிலும் மலையேறிப் போட்ட பேர். இவ்வளவு முன்கூட்டி எடுத்துக் கொடுப்பதற்கு அந்தப் பத்திரத்தில் எதுவும் இல்லை.

அதே 950 ரூபாவை இப்படிப் பிரிக்கலாம். முதல் சில மாதத்துப் பணத்தில் பிரிட்ஜுக்கான வோல்டேஜ் காட் ஒன்று வாங்குங்கள். மின்னழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் அது இணைப்பைத் துண்டிக்கும். கரண்ட் திரும்பி வந்ததும் உடனே பிரிட்ஜுக்குக் கொடுக்காது, சில நிமிடம் பொறுத்துத்தான் கொடுக்கும். தினமும் மாலையில் வோல்டேஜ் விழும் வீடானால் ஸ்டெபிலைசர் தேவைப்படலாம். ஆனால் பிரிட்ஜோடு வரும் புத்தகத்தில் அந்த மொடலுக்கு எது ஏற்றது என்று பார்த்துவிட்டே வாங்குங்கள். அப்புறம், நல்ல எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய லயங்களில் வயரிங்கும் பழையது, எர்த் வயர் பெயருக்குத்தான் இருக்கும். ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம், அது ஆளைக் காப்பாற்றத்தான், போர்டைக் காப்பாற்ற அல்ல. எக்ஸ்டென்ஷன் கோடில் பிரிட்ஜை ஓட்டவே கூடாது. இடி கேட்கத் தொடங்கினால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் இதைப் பழக்கிவிடலாம்.

மீதி மாதங்களில் அந்த 950 ரூபாவை வங்கியில் தனிக் கணக்கில் போடுங்கள். வீட்டுச் செலவுக் கணக்கோடு சேர்க்க வேண்டாம், சேர்த்தால் தீபாவளிக்குள் கரைந்துவிடும். கம்பனி வாரண்டி முடியும் நாளில், வோல்டேஜ் காட்டுக்கும் எர்த் வேலைக்கும் போனது போக ஒரு நல்ல தொகை உங்கள் பெயரிலேயே இருக்கும். பிரிட்ஜ் பழுதானால் அதில் திருத்தலாம், மின்னலால் பழுதானாலும் அந்தப் பணம் கைகொடுக்கும். பழுதே வராவிட்டால் பணம் உங்களுடையது.

ஐஸ் பக்கெட், யோகட் விற்கும் யோசனை நல்ல யோசனை. ஆனால் வாரண்டிப் பத்திரத்தில் 'வீட்டுப் பாவனைக்கு மட்டும்' என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், விற்பனைக்குப் பாவித்தீர்கள் என்று காரணம் காட்டி கம்பனி வாரண்டியையே மறுக்க இடமிருக்கிறது. கதவை அடிக்கடி திறந்து மூடினால் கம்ப்ரசரும் ஓய்வில்லாமல் ஓடும், பில்லும் ஏறும். கம்பனி வாரண்டி இருக்கும் இந்த 2 வருடமும் வீட்டுக்கு மட்டும் வைத்திருங்கள். வியாபாரம் நிச்சயமென்றால், பிறகு அதற்கென்று சின்ன டீப் பிரீசர் ஒன்றைத் தனியாகப் பார்க்கலாம்.

மேலதிக வாரண்டியே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிரிட்ஜைச் செய்த கம்பனியே கொடுப்பதாக இருந்து, மின்னழுத்தப் பழுதையும் காஸையும் கூலியையும் எழுத்தில் ஏற்றுக்கொண்டு, விலையும் இதில் பாதி என்றால் யோசிப்பேன். அப்போதும் ஒரு கேள்வி கேட்பேன்: டெக்னீஷியன் தோட்டத்துக்கு வருவாரா, அல்லது நாங்கள் ஹட்டனுக்குக் கொண்டுவர வேண்டுமா? லயத்திலிருந்து படி இறக்கி, ரோட்டுக்குத் தூக்கி வந்து, லொறி பிடித்து பிரிட்ஜை டவுனுக்குக் கொண்டுபோகும் செலவு உங்கள் தலையில் விழுந்தால், இலவசத் திருத்தம் என்ற பேச்சுக்கு அர்த்தமில்லை. வாரண்டி கடையுடையதா, கம்பனியுடையதா, காப்புறுதி நிறுவனத்துடையதா என்பதும் முக்கியம். நான்காம் வருடத்தில் கடை மூடிவிட்டால் யாரிடம் போவது? இன்னொன்று: ஒரு சின்னப் பழுதுக்குக் கூட அம்மாவின் தோட்டை அடகு வைக்கவேண்டிய நிலைமை என்றால், வாரண்டியைவிட அவசரச் சேமிப்புதான் உங்களுக்கு முதலில் தேவை.

'இன்றைக்கே' என்ற பேச்சுக்கு மடங்க வேண்டாம். கம்பனி வாரண்டி முடிவதற்கு முன் எப்போதாவது சேர முடியுமா என்று கேளுங்கள். சில இடங்களில் அதற்கு வழி உண்டு. வாரண்டி இல்லாமல் தவணை எவ்வளவு, வாரண்டியோடு எவ்வளவு என்று இரண்டு தொகையையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். வாரண்டி எடுத்தால்தான் தவணை தருவோம் என்றால் வேறு கடை பாருங்கள், ஹட்டன் டவுனில் கடைகளுக்குக் குறைவில்லை.

பிறகு ஏதும் பிரச்சினை என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்தது. 1977 க்கு அழைத்துக் கேட்கலாம். முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். அதனால் பிரிட்ஜ் வந்த முதல் வாரங்களிலேயே சத்தம், குளிர், கதவு இறப்பர் எல்லாவற்றையும் கவனியுங்கள். பற்றுச்சீட்டில் திகதியும் மொடல் இலக்கமும், வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் இருக்கவேண்டும். இரண்டையும் அன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள். கடைகளில் அடித்துத் தரும் அந்த வழுவழுப்புச் சீட்டில் எழுத்து வருடம் போவதற்குள் மங்கிவிடும்.