சார்ட்டர் ஸ்கூல்: ஒரே வீடு, தனி உலை (கேள்வி பதில்)

சான் ஃப்ரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் ஒரு பள்ளி டிஸ்ட்ரிக்ட்டின் (ஒரு வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) பட்ஜெட் ஆலோசனைக் குழுவில் ஆறு வருடம் இருந்தேன். மூத்தவள் சார்ட்டரில் படித்தாள், சின்னவன் தெருமுனைப் பள்ளியில் படிக்கிறான். நான் சொல்வதெல்லாம் கலிஃபோர்னியாவுக்குத்தான். வேறு மாநிலத்துக்காரர்கள் உங்கள் ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா, சார்ட்டர் என்றால் பிரைவேட் ஸ்கூலா? ஃபீஸ் எவ்வளவு?

ஃபீஸே கிடையாது. அரசுப் பணத்தில் நடக்கும் பப்ளிக் ஸ்கூல்தான். 1991-ல் மினசோட்டா முதல் சட்டம் போட்டது, 1992-ல் கலிஃபோர்னியா இரண்டாவது. லாப நோக்கில்லாத ஓர் அமைப்பு, "இப்படி நடத்துவோம், இவ்வளவு கற்றுக்கொடுப்போம்" என்று எழுதிக் கொடுக்கிறது. பெரும்பாலும் டிஸ்ட்ரிக்ட் போர்டுதான் அதற்கு அனுமதி தருகிறது. அந்த ஒப்பந்தம்தான் சார்ட்டர். முதல் தடவை அதிகபட்சம் ஐந்து வருடம், பிறகு புதுப்பிக்க வேண்டும். வீட்டை விட்டுப் போகாமல் தனிக்குடித்தனம் வைத்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உலை தனி, வீட்டுக் கணக்கு மாமியார் கண்ணில்.

நம் ஊர் அரசு உதவி பெறும் பள்ளி மாதிரி என்று சொல்லலாமா?

பாதி சொல்லலாம். அங்கே நிர்வாகம் தனியாரிடம் இருந்தாலும், அனுமதித்த பணியிடங்களுக்கு அரசே சம்பளம் தருகிறது. இங்கே பிள்ளையின் வருகைப்பதிவைப் பார்த்துப் பள்ளிக்குப் பணம் வருகிறது, யாருக்கு எவ்வளவு சம்பளம் என்பது பள்ளியின் பாடு. நம் ஊரில் உதவி பெறும் பள்ளிகள் பலவற்றை மிஷன்கள் நடத்துகின்றன. இங்கே சார்ட்டரில் மதத்துக்கு இடமில்லை.

சார்ட்டர் வந்தால் டிஸ்ட்ரிக்ட்டுக்குச் செலவும் குறையுமே, அப்புறம் ஏன் இவ்வளவு எதிர்ப்பு?

குழுவில் நான் முதலில் கேட்ட கேள்வியும் இதுதான். பத்துப் பள்ளிகள் இருக்கிற டிஸ்ட்ரிக்ட்டிலிருந்து அறுபது பிள்ளைகள் போகிறார்கள் என்று வையுங்கள். பள்ளிக்கு ஆறு பேர், வகுப்புக்கு ஒருவர். இருபத்தைந்து பேருக்கு ஒரு டீச்சர் இருந்த இடத்தில் இருபத்துநாலு பேருக்கு ஒரு டீச்சர். எந்த டீச்சரைக் குறைப்பீர்கள்? எந்த விளக்கை அணைப்பீர்கள்? அறுபது பேருக்கான வருமானம் போய்விட்டது, செலவு கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது. இரண்டு மூன்று வருடம் இப்படிப் போனால் நூலகர் வேலையிலோ நர்ஸ் வேலையிலோ கை வைப்பார்கள், பிறகு பள்ளியையே மூடுவது பற்றிப் பேச்சு வரும். 2019 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் ஆசிரியர்கள் ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்தபோது சார்ட்டர்களுக்கு வரம்பு வேண்டும் என்பதும் அவர்கள் பேச்சில் இருந்தது.

ஆனால் ஒன்று, பிறப்பு குறைந்ததாலும் வீட்டு வாடகைக்குப் பயந்து குடும்பங்கள் வெளியேறுவதாலும் காலியாகும் நாற்காலிகளுக்கும் சார்ட்டர் மேலேயே பழி போடும் கூட்டங்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அது நியாயமில்லை.

எங்கள் பள்ளி வளாகத்திலேயே ஒரு சார்ட்டருக்கு எட்டு வகுப்பறை கொடுத்துவிட்டார்கள். இது எப்படி?

2000-ல் ஓட்டுப்போட்டு நிறைவேறிய பிராபசிஷன் 39-ஐப் பாருங்கள். பள்ளிக் கட்டடக் கடன் பத்திரத்துக்கு முன்பு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும், அதை 55 சதவீதமாகக் குறைத்தது அதுதான். டிஸ்ட்ரிக்ட்டுக்கு அது சர்க்கரைப் பொங்கல். கூடவே வந்த கசாயம் என்னவென்றால், டிஸ்ட்ரிக்ட் எல்லைக்குள் வசிக்கிற பிள்ளைகள் 80 பேராவது ஒரு சார்ட்டரில் இருந்தால், மற்றப் பிள்ளைகளுக்குக் கிடைப்பதற்கு ஈடான இடத்தை டிஸ்ட்ரிக்ட் தர வேண்டும். சார்ட்டர் நவம்பர் 1-க்குள் கேட்க வேண்டும், ஏப்ரல் 1-க்குள் இறுதிப் பதில் வர வேண்டும்.

என் மகள் படித்தது இப்படிப் பகிர்ந்த வளாகத்தில்தான். இரண்டு பள்ளிக்கும் நேரம் வேறு என்பதால் மணி இரண்டு தடவை அடிக்கும், புதிதாக வந்த பிள்ளைகள் தப்பான மணிக்கு எழுந்து ஓடுவார்கள். மைதானத்தில் மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். பந்து கோட்டைத் தாண்டினால் அந்தப் பக்கத்துப் பிள்ளை காலால் தள்ளிவிடும், பிள்ளைகளுக்குள் சண்டை வந்து நான் பார்த்ததில்லை. சண்டையெல்லாம் பெரியவர்களிடம், அதுவும் கார் நிறுத்தும் இடத்துக்கு. எங்கள் கணினி அறையைச் சார்ட்டருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று ஒரு பக்கம் கோபம், எங்களை விருந்தாளி மாதிரி நடத்துகிறார்கள் என்று மறுபக்கம் வருத்தம். இரண்டும் உண்மைதான்.

போர்டு "வேண்டாம்" என்று சொல்ல முடியாதா?

முன்பு கஷ்டம். 2019-ல் வந்த ஏபி 1505 சட்டத்துக்குப் பிறகு, புதிய சார்ட்டர் வந்தால் டிஸ்ட்ரிக்ட்டின் நிதிநிலை என்னவாகும், இருக்கிற பள்ளிகளுக்கு என்ன பாதிப்பு என்று பார்த்து மறுக்கலாம். மறுத்தால் அவர்கள் கவுன்ட்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) போர்டுக்குப் போகலாம். மாநில போர்டுவரைக்கும் வழி உண்டு, ஆனால் அது இப்போது ரொம்பக் குறுகல்.

சேர்க்கும் முன்பே பையனின் ஐஇபி-யை (சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைக்குப் போடும் தனித் திட்டம்) கேட்டார்கள். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். சேர்வதற்கு முன் பிள்ளையின் பதிவேடுகளைக் கேட்கச் சார்ட்டருக்கு உரிமையில்லை. "உங்கள் பையனுக்கு இங்கே சரிப்படாது" என்று நயமாகச் சொல்லித் திருப்பி அனுப்புவதும் கூடாது. அனுமதி கொடுத்த டிஸ்ட்ரிக்ட்டிடமோ கவுன்ட்டியிடமோ எழுத்தில் புகார் கொடுங்கள், அதற்கென்றே படிவம் இருக்கிறது. பெற்றோர் இத்தனை மணிநேரம் தொண்டு செய்தால்தான் இடம் என்று சொன்னாலும் இதே பதில்தான்.

டிஸ்ட்ரிக்ட் உண்மையிலேயே கண்காணிக்கிறதா?

இடத்துக்கு இடம் வேறு. வருடத்துக்கு ஒரு முறையாவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும், அந்த வேலைக்காகச் சார்ட்டரின் வருமானத்தில் 1 சதவீதம்வரை வாங்கலாம். இந்த 1 சதவீதமே ஆபத்தாகவும் ஆனது. சான் டியேகோ கவுன்ட்டியில் 2019-ல் 11 பேர் மீது வழக்குப் பதிவான ஆன்லைன் சார்ட்டர் மோசடியில், சின்னஞ்சிறு டிஸ்ட்ரிக்ட்டுகள் தங்கள் சொந்தப் பிள்ளைகளைவிடப் பல மடங்கு பிள்ளைகள் கொண்ட சார்ட்டர்களுக்கு அனுமதி கொடுத்திருந்தன. கட்டணம் வருகிறது, கேள்வி யார் கேட்பார்?

ஃப்ரீமான்ட்டில் இருந்துகொண்டு சான் ஹோசே சார்ட்டருக்குப் போடலாமா? வெயிட்லிஸ்ட் 43 என்றால் நம்பலாமா?

போடலாம், டிஸ்ட்ரிக்ட் மாற்ற அனுமதியும் வேண்டாம். ஆனால் இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல், அதில் அந்த டிஸ்ட்ரிக்ட் பிள்ளைகளுக்கு முன்னுரிமை. பஸ் விட வேண்டிய கட்டாயமும் பள்ளிக்கு இல்லை, தினமும் 880 நெடுஞ்சாலையில் நீங்கள்தான் ஓட்ட வேண்டும். 43-ஐப் பொறுத்தவரை, உங்கள் ஏரியாப் பள்ளியில் இப்போதே பதிவு செய்துவிடுங்கள். ஆகஸ்டில் பள்ளி திறந்த முதல் வாரத்தில் வராத பிள்ளைகளின் இடம் காலியாகும். அப்போது கூப்பிடுவார்கள், பெரும்பாலும் அடுத்த நாளைக்குள் பதில் கேட்பார்கள். எங்களுக்கு அந்த அழைப்பு வந்தபோது நான் காஸ்ட்கோ வரிசையில் நின்றுகொண்டிருந்தேன், தெரியாத நம்பர் என்று முதலில் எடுக்கவே இல்லை.