வேலியில் தொங்கும் வலை: உருவகமா, படிமமா, குறியீடா?

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். திருகோணமலை உப்புவெளியில் தரம் 10 மாணவருக்குத் தமிழ் கற்பிக்கிறேன். என் வகுப்புப் பையன் ஒருவன் மூன்று அடிகள் எழுதித் தந்தான்:

வேலியில் அப்பாவின் வலை
மூன்று மாரி நனைந்தும்
அவிழாத முடிச்சு

'நல்ல உருவகம்' என்று கொப்பியில் குறித்துவிட்டேன். உடன் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் இது குறியீடு என்கிறார். இன்னொருவர் படிமம் என்கிறார். இவற்றை எப்படிப் பிரித்தறிவது?

தமிழாசிரியை ஒருவர்

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்த மூன்று அடிகளை இரண்டு நாட்களாக மனத்தில் வைத்திருந்தேன். அவற்றில் உருவகம் இல்லை. மற்ற இருவர் சொன்னதும் சரியே. ஒரே வலை இரண்டு வேலைகளைச் செய்கிறது.

உவமைக்கும் உருவகத்துக்கும் இரண்டு பொருள்கள் தேவை. உவமை அவ்விரண்டையும் தனித்தனியே நிறுத்தி, அவற்றுக்கிடையே உள்ள ஒப்புமையைக் காட்டுகிறது. அந்த ஒப்புமை வினை, பயன், மெய் (வடிவு), உரு (நிறம்) என்னும் நான்கின் வழியாக வரும் என்கிறது தொல்காப்பியம். 'மாரியன்ன வண்கை' என்னும்போது மழைக்கும் கைக்கும் வடிவிலோ நிறத்திலோ ஒற்றுமை இல்லை. இரண்டும் தருகின்ற பயனே ஒன்று. உருவகமோ அந்த இடைவெளியை நீக்கி, ஒன்றை மற்றொன்றாகவே ஆக்கிவிடுகிறது. தமிழில் இதைச் சொல்லின் வைப்புமுறையாலேயே காட்ட முடிவது எனக்கு எப்போதும் வியப்பைத் தருவது. 'மலர்முகம்' உவமைத்தொகை, அதாவது 'போன்ற' என்னும் சொல் மறைந்து நிற்கும் உவமை; அதையே 'முகமலர்' என்று மாற்றிவிட்டால் உருவகம். கரும்பலகையில் இரண்டையும் அருகருகே எழுதிக் காட்டுங்கள், பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

பத்தாவது குறளில் 'பிறவிப் பெருங்கடல்' என்று பிறவி கடலாகிறது. ஆனால் அதைக் கடக்க உதவும் இறைவன் அடி தெப்பமாக உருவகிக்கப்படவில்லை, தெப்பத்தை நாமே நினைத்துக்கொள்கிறோம். இப்படி ஒரு பகுதியை மட்டும் உருவகித்து மறுபகுதியை விட்டுவிடுவதால் அதற்கு ஏகதேச உருவகம் என்று பெயர். உங்கள் மாணவனின் அடிகளில் வலை வேறு எதுவாகவும் ஆக்கப்படவில்லை. அது வலையாகவே வேலியில் தொங்குகிறது.

படிமத்துக்கு ஒப்புமை வேண்டியதில்லை. புலன்களுக்கு எட்டும்படி ஒன்றைச் சொல்லில் நிறுத்தினால் போதும். நம் ஊர்ப் பிள்ளைகள் கோணேசர் கோயிலில் கேட்டு வளர்ந்த சம்பந்தர் தேவாரத்தையே இதற்கு எடுத்துக்கொள்ளலாம். 'குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை' என்ற அடியில் 'போல' இல்லை, உருவகமும் இல்லை. இரைகின்ற கடல், ஏறி வரும் அலை, அது கரையில் ஒதுக்கும் முத்து ஆகியவை மட்டும் இருக்கின்றன. காதும் கண்ணும் ஒருசேர நிறைகின்றன. அந்தக் கோயில் நிற்கும் சுவாமி மலையின் விளிம்பில் நின்று கீழே பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

குறியீடு அமைவது வேறு விதம். மாரி தொடங்கிக் கடல் கொந்தளிக்கும் முன்பே வலையை மடித்து வாடிக்குள், அதாவது கரையிலுள்ள மீனவர் கொட்டிலுக்குள், வைப்பது நம் கரையோர வழக்கம். ஒரு வலை மூன்று மாரி வெளியில் நனைந்திருக்கிறது என்றால், அதை எடுத்து வைக்க வேண்டியவர் வீட்டில் இல்லை. மற்றவர்களும் அதில் கை வைக்கத் துணியவில்லை. பையன் இதை எங்கும் சொல்லவில்லை. ஆயினும் அந்த வலை அப்பாவின் இன்மையையும், வீட்டாரின் காத்திருப்பையும், அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதையும் தன்மேல் ஏற்றுக்கொள்கிறது. ஒரு பொருள் தன் இயல்பு கெடாமல் நின்றபடியே தனக்கு அப்பாலுள்ளதைச் சுமக்கும்போதுதான் அதைக் குறியீடு என்கிறோம். சங்க அகப்பாடல்களில் இயற்கைக் காட்சிக்குள் மறைந்து நிற்கும் ஒப்புமையான உள்ளுறை உவமத்தை இதற்கு உறவாகச் சொல்வதுண்டு. இரண்டும் ஒன்றே என்று சொல்ல நான் தயங்குவேன். உள்ளுறையில் தெய்வம் நீங்கலான கருப்பொருள்களான விலங்கும் பறவையும் மரமும் அகமாந்தரோடு ஒன்றுக்கொன்று பொருந்தி வரும். குறியீட்டை அப்படிக் கணக்குத் தீர்த்துவிட முடியாது.

அணியின் பெயரை மட்டும் கேட்டு ஒரு புள்ளி கொடுக்கும் வழக்கம் எனக்கு வருத்தம் தருகிறது. பெயரோடு, அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் கவிதையில் எது இல்லாமற் போகும் என்றும் கேளுங்கள். 'மூன்று மாரி' என்பதை நீக்கிப் பாருங்கள்: வலையும் வேலியும் கண்ணுக்குத் தெரியும், படிமம் தங்கிவிடும்; குறியீடு போய்விடும்.

கொப்பியில் உள்ள குறிப்பைத் திருத்தும்போது, 'நனைந்தும்' என்பதில் உள்ள உம்மையை ('உம்' என்னும் இறுதியை) பற்றியும் அவனோடு பேசுங்கள். நனைந்த கயிற்றில் முடிச்சு இறுகும் என்பது கடற்கரைப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். அப்படியானால் அவன் மனத்தில் இருந்தது 'நனைந்தும் அவிழாத முடிச்சா', 'நனைந்து இறுகிய முடிச்சா'? முதலாவதில் மழை அந்த முடிச்சிடம் தோற்கிறது. இரண்டாவதில் ஒவ்வொரு மாரியும் அதை இன்னும் இறுக்குகிறது. எது வேண்டும் என்பதை அவனே தீர்மானிக்கட்டும்.